மூன்று வாளித் தண்ணீர்

அத்தியாயம் 9

“அவன் சாகணும்னு நான் கேட்கல,” என்றார் சைமி. “நல்லா இருக்கட்டும். ரொம்ப வருஷம் இருக்கட்டும். அர்வோ பட்டதையெல்லாம் ஒண்ணு விடாம பட்டுட்டு, அப்புறமா மெதுவா சாகட்டும்.”

சொல்லிவிட்டு எங்களுக்குக் காபி ஊற்றினார். கூடவே சூடான இலவங்கப்பட்டை ரொட்டி வேறு. இவ்வளவு நிதானமாக ஒருவர் பழிவாங்கும் பேச்சுப் பேசி நான் கேட்டதில்லை. ரொட்டி நன்றாக இருந்ததால் இன்னொன்றும் எடுத்துக்கொண்டேன்.

நான் டூக்கா. துப்பறியும் நிபுணர் இர்மெலி ஹாக்கலாவின் உதவியாளன். கார் ஓட்டுவது, கதவைத் தட்டுவது, திட்டு வாங்குவது எல்லாம் என் இலாகா. இர்மெலி முன்பு சுங்கத்துறையில் இருந்தவர். அடுத்தவன் பெட்டியைத் திறந்து பார்த்தே பாதி வாழ்க்கையைக் கழித்தவர். ஆளைப் பார்த்தாலும் பூட்டு எங்கே இருக்கிறது என்றுதான் தேடுவார்.

இந்தக் குர்கிலா கிராமத்துக்கு எங்களை வரவழைத்தது ஒரு கிணறு. சைமியும் அவர் கணவர் அர்வோவும் மேட்டுக்குக் கீழே ஸ்ட்ராபெர்ரி பயிரிட்டு வந்தவர்கள். போன வருடம் அவர்கள் கிணற்றில் விஷம் இருப்பது தெரிந்தது. மர அறுவை ஆலைகளில், அறுத்த பலகையில் நீலப் பூஞ்சை பிடிக்காமலிருக்க ஒரு தொட்டியில் முக்கி எடுப்பார்கள். கிணற்றில் இருந்தது அந்தத் தொட்டி மருந்து. மேட்டின்மேல் அப்படி ஓர் ஆலை இருந்து, மூடி, முப்பத்தைந்து வருடமாகிறது. ஆக, சந்தேகம் ஆலைமேல்தான் போயிருக்க வேண்டும். மாவட்ட அலுவலகமும் ஆலை வளாகத்தில் துளை போட்டுப் பார்த்தது. மண் சுத்தமோ சுத்தம்.

எந்த இடத்தில் துளை போடுவது என்று கை காட்டியவன் ஆலையின் பழைய மேஸ்திரி கலெர்வோ. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று சொல்ல இவனைவிடத் தகுந்த ஆள் கிடையாது.

அவன் அதோடு நிறுத்தியிருந்தால் நாங்கள் வந்தே இருக்க மாட்டோம். கோடைக்கால நடனத்தன்று, ஊர்ச் சங்கத் தலைவன் என்ற தோரணையில் மைக்கைப் பிடித்து, “ஆலை மூடினப்ப மிச்சமிருந்த மருந்துப் பீப்பாயை வேலிக்குப் பூசறேன்னு அர்வோதான் வாங்கிட்டுப் போனான். தீராததைக் கிணத்தடியில கொட்டிட்டான். ஊர்ல வேற எங்கயும் பயமில்ல,” என்று சொல்லிவிட்டான். ஊருக்கு நிம்மதி. அர்வோ வாயில்லாப் பூச்சி. மறுநாளிலிருந்து சாலையோரத்தில் பழம் விரித்து உட்கார்ந்தார். ஒரு கார் நிற்கவில்லை. குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

“டாக்டரு இதயம்னு எழுதினாங்க,” என்றார் சைமி. “இதயமெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. ஊர் வாய்தான் கொன்னுச்சு.”

“திங்கட்கிழமை பஞ்சாயத்துக் கூட்டத்துல என்ன ஆகும்?” என்று கேட்டார் இர்மெலி.

“அர்வோ தோட்டம்தான் விஷத்துக்கு மூலம்னு முடிவு எழுதிடுவாங்க. அதுக்கப்புறம் அதை யாராலயும் அழிக்க முடியாதாம். தோட்டம் போகட்டும், எனக்குக் கவலையில்ல. அந்த மனுஷன் பேரை விஷத்துக்குப் பக்கத்துல எழுத விடமாட்டேன்.”

இர்மெலி காபியை முடித்துவிட்டு எழுந்தார். “சைமிம்மா, கலெர்வோ வீடு எந்தப் பக்கம்?”

*

கலெர்வோ ஏரிக்கரையில் விறகு பிளந்துகொண்டிருந்தான். எழுபதைத் தாண்டியவன், ஆனால் தோள் இன்னும் கதவு அகலம்.

“டிடெக்டிவ் அம்மாவா? வாங்க, வாங்க. உங்ககிட்டயும் சைமி அழுது முடிச்சுட்டாளா?”

“அவங்க அழல. ரொட்டி குடுத்தாங்க,” என்றார் இர்மெலி. “தொட்டி மருந்துக் கசடு, பீப்பாய் பீப்பாயா இருந்திருக்குமே. ஆலை மூடினப்ப அதெல்லாம் எங்க போச்சு?”

“நகரத்துக்கு. லாரில. நானே ஏத்திவிட்டேன்.”

“அர்வோ வாங்கினதைப் பார்த்தீங்களா?”

“என் ரெண்டு கண்ணால. பாவம், நல்லவன்தான். ஆனா ஓசின்னா விஷத்தைக்கூட வீட்டுக்குத் தூக்கிட்டுப் போவான்.” சிரித்தான். செத்தவரைப் பற்றி இப்படிச் சிரிக்கிறவனை ஏரியில் தள்ள எனக்குக் கை துறுதுறுத்தது. இர்மெலியும் சிரித்ததைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். இர்மெலி சிரித்தால் யாருக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

“இவ்வளவு விறகும் சௌனாவுக்கா?”

அவ்வளவுதான், அவன் நெஞ்சு ஓர் அங்குலம் நிமிர்ந்தது. எங்கள் நாட்டு ஆண்பிள்ளையிடம் மனைவியைப் பற்றிக் கேட்டால் பத்து வார்த்தை வராது. சௌனாவைப் பற்றிக் கேட்டுவிட்டால் பொழுது போய்விடும். சுட்ட கல்மேல் தண்ணீர் ஊற்றி ஆவியில் குளிக்கும் அறை அது; மேல் பலகையில் உட்காருகிறவனுக்குத்தான் சூடும் பெருமையும் அதிகம்.

“இந்த ஊர்ல மேல் பலகைல இருந்து என்னை முதல்ல எழுப்பினவன் இன்னும் பொறக்கல. பாதிரியாரு ஒரு நாள் வந்தாரு. நாலு கரண்டி ஊத்தினேன், கர்த்தரே கர்த்தரேன்னு ஓடிட்டாரு. நமக்கு ஆவிதான் சாப்பாடு. கல்லுமேல தண்ணி பட்டதும் மூக்கில வாங்கினாப் போதும், எந்த ஊத்துத் தண்ணின்னு சொல்லிடுவேன்.”

“அடடே, எங்க டூக்காவும் அப்படித்தான்,” என்றார் இர்மெலி. “எங்க போனாலும் அந்த ஊர்த் தண்ணியப் புடிச்சுட்டு வந்து ஊத்திப் பார்ப்பான். மேல் பலகைலயே குடியிருப்பான்.”

நான் வாயைத் திறப்பதற்குள் அவருடைய பூட்ஸ் என் கால்மேல் ஏறியது.

“இந்தத் தம்பியா?” கலெர்வோ என்னை ஏற இறங்கப் பார்த்தான். எடை போட்டுவிட்டான். “சாயங்காலம் வா. உன் தண்ணியையும் கொண்டா. எது எதுன்னு நான் சொல்றேன்.”

காரில் ஏறியதும் கத்தினேன். “மேடம், எனக்கு லிஃப்டுல போனாலே வேர்க்கும். சௌனால நான் கீழ்ப் பலகை, கதவு ஓரம். அதுவும் கதவு கொஞ்சம் திறந்திருக்கணும்.”

“இன்னிக்கு மேல் பலகை.”

“எதுக்குன்னு சொன்னா செத்தாலும் திருப்தியா சாவேன்.”

அவர் மேட்டைக் காட்டினார். “சைமி கிணத்துக்கு விஷம் மேல இருந்துதான் இறங்குது. அந்த மேட்டுல லாரி ஏறிப் போய்ப் பள்ளம் தோண்டற மாதிரி இடம் மூணே மூணு. பழைய ஆலை முற்றம். சின்னத் தேவாலயத்து ஊத்துப் பக்கம். நடனக் கொட்டகை. மூணுலயும் தண்ணி எடுக்க வழி இருக்கு, மூணையும் ஜனங்க குடிக்கறாங்க. கசடு எதுக்குப் பக்கத்துல புதைஞ்சிருக்குன்னு நமக்குத் தெரியாது. கலெர்வோவுக்குத் தெரியும்.”

“மூணு பாட்டில்ல புடிச்சு ஆய்வகத்துக்கு அனுப்பலாமே?”

“ஆய்வகம் மூணு வாரத்துல பதில் சொல்லும். கூட்டம் திங்கட்கிழமை. கலெர்வோ ஒரு கரண்டியில சொல்லிடுவான்.”

எனக்கு மெல்லப் புரிந்தது. புரிந்தது பிடிக்கவில்லை. “ஒரு நிமிஷம். அதுல ஒண்ணு விஷம்னா, அதைக் கொதிக்கிற கல்லுமேல ஊத்தி, ஆவியாக்கி, அந்த ஆவில அவன் பக்கத்துல நான் உட்காரணுமா?”

“மூச்சை அடக்கிக்கோ.”

“என்னைக்காவது நான் போயிட்டா, ‘கடமையில் ஆவியானான்’னு கல்லறைல போடுங்க.”

மதியம் என்னைக் கடை வாசலில் இறக்கிவிட்டுத் தனியாகப் போனார். திரும்பி வந்தபோது வண்டியில் மூடி போட்ட மூன்று வாளிகள் இருந்தன. கைப்பிடியில் கயிறு. சிவப்பு ஆலை, வெள்ளை தேவாலயம், நீலம் நடனக் கொட்டகை. ஒவ்வொன்றையும் ஊற்றுவதற்கு முன்னால் எங்கிருந்து வந்த தண்ணீர் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். பிறகு அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் என் வேலை.

*

கலெர்வோவின் சௌனா தண்ணீர்க்கரையிலேயே இருந்தது. கரி பிடித்த மரச்சுவர், ஒரு சின்ன ஜன்னல், அதன் வழியே சாயங்கால வெயில். மேல் பலகையில் நானும் அவனும் பிறந்த மேனிக்கு உட்கார்ந்திருந்தோம். எனக்கு உட்கார்ந்த இடமே சுட்டது. அவனோ பேருந்துக்குக் காத்திருப்பவன் போலக் கால் ஆட்டிக்கொண்டிருந்தான்.

“சூடு ஏறலயே தம்பி. ஊத்து.”

சிவப்புக் கயிறு வாளியைத் திறந்தேன். “இது ஆலை முற்றத்துக் குழாய்த் தண்ணி, ஐயா.”

நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு ஊற்றினேன். கல் சீறியது. சூடு முதுகில் அறைந்தது. கலெர்வோ கண்ணை மூடி, இரண்டு கையாலும் ஆவியை முகத்துக்கு அள்ளினான்.

“இரும்பு. இதுல இரும்பு வாசனை தெரியுது பாரு. பழைய ஆலைக் குழாயில்லையா. மூஞ்சி ஏன் வீங்கிப் போயிருக்கு உனக்கு?”

“ரசிக்கிறேன் ஐயா,” என்றேன், மிச்ச மூச்சில். முகத்தைப் பார்த்தாயிற்று. ஆலை இல்லை.

வெள்ளைக் கயிறு. “தேவாலயத்து ஊத்து.”

இன்னும் இரண்டு கரண்டி. என் காது மடல் கருகுவது போலிருந்தது. அவன் சௌனா வழக்கப்படி பிர்ச் மர இலைக்கட்டால் தோளில் அடித்துக்கொண்டே முனகினான். “பஞ்சு மாதிரி இருக்கு. சாமி தண்ணின்னா சும்மாவா? போடு இன்னொரு கரண்டி.” தேவாலயமும் இல்லை.

மிச்சம் நீலக் கயிறு. மூடியைத் திறந்தேன். தண்ணீர் கண்ணாடி போல இருந்தது, பார்க்க எந்தக் குற்றமும் இல்லை.

“இது நடனக் கொட்டகைப் பம்புத் தண்ணி, ஐயா.”

இலைக்கட்டு பாதியில் நின்றது.

“அது எதுக்கு?” என்றான். “போதும் இன்னிக்கு. வா, தொத்திறைச்சி வாட்டி வெச்சிருக்கேன்.”

“முடிவு சொல்லாம எப்படி ஐயா? இரும்பு சொன்னீங்க, பஞ்சு சொன்னீங்க. இதையும் சொல்லிடுங்க.” கரண்டியை முழுக்க முக்கினேன்.

“டேய், ஊத்தாதே.”

“ஊர் முழுக்கக் குடிக்கிற தண்ணிதானே?”

ஊற்றினேன்.

ஐம்பது வருடமாக மேல் பலகையிலிருந்து முதல் ஆளாக எழுந்திராதவன், பாதிரியாரைத் தோற்கடித்தவன், என் தொடையில் மிதித்துக்கொண்டு இறங்கினான். கதவு தாழ்ப்பாளோடு போய்விட்டது. ஜன்னல் வழியே பார்த்தேன். ஏரிக்குள் நீண்டிருந்த மரப்பாலத்தில் ஓடி, தொபுக்கடீரென்று ஏரிக்குள் விழுந்து, மூக்கையும் வாயையும் மாறி மாறிக் கழுவிக்கொண்டிருந்தான். துப்புகிறான், கொப்பளிக்கிறான், மறுபடி துப்புகிறான்.

நான் அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். அவனை வேடிக்கை பார்த்ததில் மூச்சை அடக்க மறந்துவிட்டேன். தாராளமாக இழுத்துக்கொண்டிருந்தேன்.

துண்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக ஓடினேன். மரத்தடியில் இர்மெலி காரில் சாய்ந்து நின்றிருந்தார்.

“மேடம், ஆஸ்பத்திரி. சீக்கிரம். நீலக் கயிறு. நல்லா உள்ள போயிருச்சு.”

“ஓடினானா?”

“ஓடினான். நடனக் கொட்டகைதான். நான் சாகறதுக்குள்ள...”

“சாக மாட்டே. எப்படி இருந்துச்சு வாசனை?”

யோசித்தேன். “ஒண்ணும் இல்ல. தண்ணி வாசனைதான்.”

இர்மெலி விரலை நீட்டினார். கலெர்வோ இன்னும் கொப்பளித்துக்கொண்டிருந்த ஏரியைக் காட்டினார். “மூணு வாளியும் அதுல முக்கி எடுத்ததுதான். மரப்பாலத்துக்கு அந்தாண்ட பக்கம்.”

எந்தத் தண்ணீருக்குப் பயந்து ஓடினானோ, அதே தண்ணீரில் விழுந்து அவன் வாய் கழுவிக்கொண்டிருக்கிறான். இரும்பு வாசனையாம். பஞ்சாம்.

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?”

“நீ பொய் சொன்னா காது சிவந்துடும்.”

“சௌனால எல்லார் காதும் சிவப்புதான் மேடம்.”

அவர் ஒரு கணம் யோசித்தார். “ஆமா. அது தோணல,” என்றார். இதுவரை அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே மன்னிப்பு இது. “போய் உடுத்திக்கோ. அவனுக்கு வயித்து வலியான்னு பதறிப் போய்க் கேளு. நீ ஒரு அசடுன்னு அவன் நினைக்கணும்.”

“அதுக்கு நான் நடிக்கவே வேண்டாம்,” என்று சொல்லிவிட்டுப் போனேன். வயிற்று வலிதான் என்று அவனும் சொன்னான். எனக்குத் தொத்திறைச்சி வேறு கொடுத்தான்.

*

மாவட்ட அலுவலகத்தின் மண் ஆய்வாளர் ஹன்னெலே, இர்மெலி சொன்னதைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“ஒருத்தர் சௌனால இருந்து ஓடினாருன்னு நான் எப்படிங்க துளை போட முடியும்?”

“போன வாட்டி அவன் கை காட்டின இடத்துல போட்டீங்க. இந்த வாட்டி கால் காட்டின இடத்துல போடுங்க.”

ஹன்னெலே நல்ல பெண். போன முறை ஏமாந்தது அவருக்கும் உறுத்திக்கொண்டுதான் இருந்தது. மறுநாள் காலை துளை வண்டி காட்டுக்குள் இருக்கும் நடனக் கொட்டகைக்கு வந்தது. கலெர்வோ நகரத்துக்குக் கிளம்பியதை உறுதிப்படுத்திக்கொண்டு, மரத்தளத்தில் பம்புக்குப் பக்கமாக இருந்த ஏரிப்பக்க மூலையை ஒட்டித் துளை போட்டோம்.

மணல், மணல், மேலும் மணல். ஓர் ஆள் உயரம் போனதும் குழாயில் வந்த மண் நிறம் மாறியது. பாசியும் நீலமும் கலந்த நிறம். ஆஸ்பத்திரித் தரையும் அழுகின மரமும் சேர்ந்தாற்போல ஒரு நாற்றம். அதற்குக் கீழே குழாயின் நுனி எதிலோ உராய்ந்து கிறீச்சிட்டது. மேலே எடுத்தபோது துளைக்கருவியின் பல்லில் துருப்பிடித்த தகரத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

“பீப்பாய்,” என்றார் ஹன்னெலே. நிறம் வெளுத்துவிட்டது அவருக்கு. “இதுமேலதான் மக்கள் ஆடிட்டிருக்காங்க.”

ஆலை மூடிய கோடையில்தான் இந்தக் கொட்டகை கட்டப்பட்டது, ஆலையின் அன்பளிப்பு என்று. முன்னின்று கட்டியவன் கலெர்வோ. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். மேலே பலகை அடித்து அக்கார்டியன் வாசித்தால் முடியும் போலிருக்கிறது.

ஹன்னெலே முதல் காரியமாகப் பம்புக் கைப்பிடியைக் கழற்றி, சங்கிலி போட்டு, ‘பழுது’ என்று அட்டை மாட்டினார். பிறகு கைபேசியை எடுத்தார். எங்களோடு வந்து காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த சைமி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எல்லாருக்கும் சொல்லத்தான் வேணும். நாளைக்குச் சாயங்காலம்வரைக்கும் பொறுங்க. நாளைக்கு நடனம். ஊரே இங்கதான் இருக்கும். என் வீட்டுக்காரர் பேரை இந்த மைக்லதான் கெடுத்தான்.”

“சட்டப்படி நான்...”

“பம்பைப் பூட்டிட்டீங்க. யாரும் குடிக்கப் போறதில்ல. ஒரு நாள்ம்மா. எனக்கு ஒரே ஒரு நாள் குடுங்க.”

ஹன்னெலே இர்மெலியைப் பார்த்தார். இர்மெலி மரங்களைப் பார்த்தார். ஹன்னெலே கைபேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

*

சனிக்கிழமை சாயங்காலம் வெயில் ஏரிமேல் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. கொட்டகை நிறைந்திருந்தது. ஊர்ச் சங்கத் தலைவன் இல்லாமல் நடனமா? கலெர்வோ வாசலில் நின்று எல்லாருக்கும் கை கொடுத்தான். என்னைப் பார்த்து, “என்ன தம்பி, வேர்த்து முடிஞ்சுதா?” என்று கேட்டுச் சுற்றியிருந்தவர்களைச் சிரிக்க வைத்தான். பம்பில் தொங்கிய அட்டையைப் பார்த்ததில் அவனுக்கு நிம்மதி என்பது முகத்திலேயே தெரிந்தது.

சைமி வந்தபோது பேச்சு அடங்கியது. கருநீல உடுப்பு, வாரிய முடி. இந்த ஊரில் யாரும் முகத்துக்கு நேரே திட்ட மாட்டார்கள். அவர் உட்கார்ந்த பெஞ்சிலிருந்து ஒவ்வொருவராக எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனார்கள், அவ்வளவுதான். சைமி அந்த நீளப் பெஞ்சில் தனியாக, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

பாட்டுக்காரர் மைக்கில் அறிவித்தார். “அடுத்தது பெண்கள் அழைக்கிற சுற்று.”

இந்தச் சுற்றில் பெண்தான் ஆணைக் கூப்பிடுவாள். கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்லக் கூடாது. சொன்னவன் அன்று இரவு மட்டுமல்ல, அந்தக் கோடை முழுக்கவும் ஊர் வாயில் விழுவான். சைமி எழுந்து, கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க, தளத்தின் குறுக்கே நடந்துபோய்க் கலெர்வோவின் முன்னால் நின்றார். கையை நீட்டினார்.

அவன் சுற்றும்முற்றும் பார்த்தான். வேறு வழியில்லை, எழுந்தான்.

வால்ட்ஸ் இசை தொடங்கியது. இர்மெலி என்னை இழுத்துக்கொண்டு அவர்கள் அருகிலேயே சுற்றினார். அவர் ஆடினால் நடனம் அல்ல, கால்மிதி. ஆனால் பேச்சு எல்லாம் காதில் விழுந்தது.

“நல்லா ஆடறியே கலெர்வோ,” என்றார் சைமி. “வா, அந்தப் பக்கம் போலாம். ஏரிப்பக்க மூலைக்கு.”

“இங்கயே ஆடுவோம்.”

“அந்த மூலைல நீ என்னைக்குமே ஆடினதில்ல. நாங்க புதுசா கல்யாணம் ஆகி வந்ததுலேர்ந்து பார்க்கறேன். காரணம் நேத்துதான் தெரிஞ்சுது. துளை போட்டாச்சுடா. பீப்பாய் பல்லுல மாட்டிடுச்சு.”

அவன் கால் தப்பியது. சைமி விடவில்லை, இழுத்து நிமிர்த்தினார்.

“ஆடு, நிக்காதே. எல்லாரும் பார்க்கறாங்க. பாட்டு முடியறவரைக்கும் உனக்கு நேரம். முடிஞ்சதும் நீ மைக்ல சொல்றியா, நான் சொல்லவா? நான் சொன்னா, இங்க நடந்த உன் பொண்ணு கல்யாணத்தன்னிக்கு அந்தப் பம்புல யார் யாரு தண்ணி குடிச்சாங்கன்னு ஆள் ஆளாச் சொல்லுவேன். உன் பொண்ணுலேர்ந்துதான் ஆரம்பிப்பேன்.”

கலெர்வோவின் மகள் தன் குழந்தைகளோடு காபி மேசையருகே நின்றிருந்தாள். அவன் அந்தப் பக்கம் பார்த்தான். பிறகு பார்க்கவில்லை.

பாட்டு முடிந்தது. அவன் மேடை ஏறி மைக்கை வாங்கினான். ஆலையை மூடும்போது மேலிடத்திலிருந்து சீக்கிரம் முடி என்று நெருக்கினார்கள் என்றான். லாரி வரவில்லை என்றான். புதைத்தது இங்கே, இந்தத் தளத்துக்குக் கீழே. அர்வோ ஒரு பீப்பாய்கூட வாங்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாம் சொன்னான். கூட்டத்தில் சிலர் தங்கள் காலடிப் பலகையிலிருந்து மெல்ல நகர்ந்து நின்றார்கள். நகர இடமில்லை.

“அர்வோ பேரை எதுக்கு இழுத்தே?” சைமி கீழே நின்று கேட்டார். சத்தமாகக்கூட இல்லை.

மைக் அவன் மூச்சை ஊருக்கே கேட்கும்படி வாங்கிப் போட்டது.

“அவன் எதிர்த்துப் பேச மாட்டான்னு தெரியும்.”

என்னை அறியாமல் என் கை முஷ்டியாகிவிட்டது. இர்மெலி அதைப் பிடித்துக் கீழே இறக்கினார். “இது அவங்க சண்டை,” என்றார் மெல்ல.

ஹன்னெலே மேடை ஏறி, பம்புத் தண்ணீர் குடித்தவர்கள் எல்லாரும் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வேண்டும், முடிவு வர வாரக்கணக்காகும் என்றார். ஒரு தாய் குழந்தையைத் தூக்கி அணைத்துக்கொண்டாள். இர்மெலி சொல்லிவைத்திருந்ததால் வெளியே காரில் காத்திருந்த போலீஸ்காரர் உள்ளே வந்து கலெர்வோவின் பக்கத்தில் நின்றார்.

மளிகைக் கடைக்காரி முதலில் வந்தாள். கண்ணெல்லாம் ஈரம். “சைமி, எங்களுக்குத் தெரியாதே... மன்னிச்சுடு சைமி.” அவளுக்குப் பின்னால் பள்ளி ஆசிரியர், அவருக்குப் பின்னால் பெஞ்சு மாறி உட்கார்ந்த அத்தனை பேரும்.

“எங்கிட்ட எதுக்குக் கேட்கறீங்க?” என்றார் சைமி. “என்னை யாரு என்ன சொன்னீங்க? அர்வோவைத்தான் சொன்னீங்க. அவர்கிட்டப் போய்க் கேளுங்க.”

கடைக்காரி ஆசிரியரைப் பார்த்தாள், ஆசிரியர் பின்னால் இருந்தவர்களைப் பார்த்தார்.

“இடம் தெரியாதில்ல? தெரியாதுதான். அடக்கத்துக்கு வந்தது பாதிரியாரும் நானும் ஆர்கன் வாசிக்கிறவரும்தானே. தேவாலயத்துக்குப் பின்னால, வடக்கு மதிலோரம். கல்லுல பேர் வெட்டியிருக்கு. வெளிச்சம் இருக்கு, நல்லாத் தெரியும். போய் ஒவ்வொருத்தரா சத்தமா சொல்லுங்க.” போலீஸ்காரர் பக்கம் திரும்பினார். “தம்பி, இவனையும் அந்த வழியா கூட்டிட்டுப் போக முடியுமா? முதல்ல இவன் சொல்லட்டும்.”

போலீஸ்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். சட்டப் புத்தகத்தில் இதற்குப் பக்கம் இருக்கிறதா என்று யோசித்திருப்பார். பிறகு தலையசைத்தார்.

கலெர்வோ முன்னால் நடந்தான். அவன் பின்னால் கடைக்காரி, ஆசிரியர், பாட்டுக்காரர், அவன் சொந்த மகள், ஊர் மொத்தமும். நடன உடுப்போடு, பேச்சில்லாமல், மேட்டுப் பாதையில் தேவாலயத்துப் பக்கம் போனார்கள். கொட்டகை காலியானது.

சைமி மட்டும் தன் பெஞ்சில் போய் உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றிக் காலை நீவிவிட்டுக்கொண்டிருந்தார்.

“நீங்க போகலையாம்மா?” என்று கேட்டேன்.

“நான் எதுக்குப் போகணும்?” என்றார். “நான் அவரைப் பத்தித் தப்பா ஒண்ணும் சொல்லலையே.”